சிவபாதத்தாருக்கு மறதி வந்த விதம்

வெள்ளவத்தையில் யாருக்கு என்ன நோய் என்று அறிய விரும்புகிறவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிரயோசனமில்லை. சிவபாதசுந்தரத்திடம் போகவேண்டும். அவர் கலியாணத் தரகர். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கையில், மாடிக் குடியிருப்பின் மூன்றாம் தட்டில், என் வாசலுக்கு நேரெதிர் வாசல் அவருடையது. ஊருக்கு அவர் சிவபாதத்தார், எனக்கு அண்ணை. நான் தொலைபேசித் திணைக்களத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். கணவர் நெஞ்சு நோவில் போய்ப் பல வருடமாகிறது, பிள்ளைகள் வெளிநாட்டில். அடுத்தவர் கதை கேட்பது எனக்கு முதலில் தொழிலாக இருந்தது, பிறகு பழக்கமாகிவிட்டது. ஆகவே நான் சொல்வதை நீங்கள் தாராளமாக நம்பலாம்.

சிவபாதத்தார் ஒன்றையும் எழுதி வைக்கிற ஆள் இல்லை. சாதகங்கள் மட்டும் ஒரு தோல் பையில் இருக்கும், மற்றதெல்லாம் தலைக்குள். எந்தக் குடும்பம் எந்த ஊர், யாருக்கு யார் எந்த வழியில் சொந்தம், எந்தப் பெண்ணுக்கு எங்கெங்கே பேச்சு முறிந்தது, எந்த மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு வலிப்பு என்று கேட்டால் தேத்தண்ணீர் ஆறுவதற்கு முன் சொல்லி முடித்துவிடுவார். நாங்கள் சம்பந்தம் பேசும்போது இரண்டு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் களவாக விசாரிப்பது வழக்கம். பல்லைக் காட்டிக்கொண்டு பலகாரம் தின்போம், படியிறங்கியவுடன் அக்கம்பக்கத்தில் விசாரிப்போம். சீனி வருத்தம் என்கிற நீரிழிவை எல்லோரும் மன்னிப்பார்கள். கொழும்பில் சீனி வருத்தம் இல்லாத குடும்பம்தான் வேண்டும் என்று நின்றால் பிள்ளைகளுக்குத் தலை நரைத்துவிடும். பேச்சை முறிப்பவை இரண்டுதான், புத்தி பேதலிப்பதும் சிறுநீரகம் பழுதாவதும்.

விசாரிப்பவர்களுக்கு மட்டுமல்ல, விசாரிக்கப்படுகிறவர்களுக்கும் சிவபாதத்தார்தான் ஆலோசகர். "செத்த ஆக்களைப் பற்றிக் கேட்டால் நெஞ்சு நோ எண்டு சொல்லுங்கோ" என்பார். "நெஞ்சு எல்லாருக்கும் இருக்குது. அதுக்குமேலை ஒருத்தரும் கேளாயினம்." அவருடைய புண்ணியத்தில் வெள்ளவத்தையில் ஒரு தலைமுறையே நெஞ்சு நோவில் போய்ச் சேர்ந்தது.

அப்படிப்பட்ட மனிதருக்கே சிறுநீரகம் பழுதானது. பல வருடத்து இரத்த அழுத்தம் செய்த வேலை. இரண்டும் சேர்ந்து கால்வாசிதான் வேலை செய்கின்றன என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அன்று பின்னேரம் ஒரு சின்னப் பெட்டியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, உங்கடை பிரிட்ஜிலை கொஞ்சம் இடம் இருக்கோ?"

"என்னத்தை வைக்கப் போறியள்?"

"ஊசி மருந்து. கிட்னி பழுதானால் ரத்தமும் குறையுமாம், அதுக்கு. மிதுனாவுக்குத் தெரியக்கூடாது."

"பெத்த பிள்ளைக்கு ஒளிக்கிறதோ அண்ணை?"

"அவளுக்கு ஒளிக்கேல்லை. அவளின்ரை சாதகத்துக்கு ஒளிக்கிறன்."

மிதுனா அவருடைய மகள். தாய் இல்லாத பிள்ளை, ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. அடுத்தவர் மறைத்ததைத் தோண்டி எடுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். மாப்பிள்ளை வீட்டார் கேட்காமலே எல்லாவற்றையும் ஒப்புவித்துவிடும் இரகம். தரகரின் மகளாக அவள் பிறந்தது கடவுள் செய்த குறும்பு. அவளுக்குக் கலியாணம் முடியும்வரை தகப்பனின் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு காக்கைக்கும் தெரியக்கூடாது என்று கோயில் வாசலில் வைத்து என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஊசி மருந்து பழைய ஐஸ்கிறீம் டப்பா ஒன்றுக்குள் போய், என் பிரிட்ஜின் நடுத்தட்டில் குடியேறியது. மேல்தட்டில் என் அறுக்குளா மீன். "மச்சம் படாமல் வையுங்கோ தங்கச்சி" என்று வேறு சொன்னார். மகளுக்குப் பொய் சொல்லலாம், ஊசியில் மீன் நாற்றம் பட்டால் மட்டும் தீட்டு. பாமன்கடையில் ஒரு சின்னக் கிளினிக்கில் ஊசியைப் போட்டுக்கொள்வார். வீட்டில் கேட்டால் சாதகம் பார்க்கப் போனதாகச் சொல்வார். மூன்று வருடம் இப்படியே ஓடியது.

இதற்கிடையில் மிதுனாவுக்கு நல்ல இடம் ஒன்று பொருந்தி வந்தது. கிருலப்பனையில் இருக்கும் ரதியின் மகன். நோர்வேயில் பொறியியலாளர். இருவரும் போனில் கதைத்துக் கதைத்து ஒருவரை ஒருவர் பிடித்தும் போயிற்று. சிவபாதத்தாருக்குக் கால் தரையில் படவில்லை.

"ரதியின்ரை கலியாணமே நான் பேசிச் செய்ததுதான்" என்றார் என்னிடம். "எனக்குத் தெரியாத குடும்பமோ? அவவின்ரை தேப்பன் திடீரெண்டு நெஞ்சு நோவிலை போன மனிசன். மற்றும்படி ஒரு வருத்தம் துன்பம் இல்லாத சுத்தமான குடும்பம், தங்கச்சி. எங்கடை பக்கத்தாலைதான் ஒரு ஊத்தையும் வெளியிலை போகக்கூடாது."

அடுத்த மாதம் ஒரு கலியாண மண்டபத்தில் முதல் சறுக்கல் நடந்தது. அவரே பேசி முடித்த கலியாணம். மணமகளின் தாயிடம் மாப்பிள்ளையைப் புகழ்ந்து தள்ளிக்கொண்டிருந்தவர், மாப்பிள்ளையின் பெயருக்குப் பதிலாக, அதே பெண்ணுக்கு முன்பு பேசி முறிந்த பையனின் பெயரைச் சொல்லிவிட்டார். பக்கத்தில் முறிந்த பையனின் மாமி சோறு தின்றுகொண்டிருந்தா. உண்மையில் அவருக்கு அன்று இரத்தம் குறைந்து தலை சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு கிழமையாக ஊசி போடவில்லை, நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு. இது எனக்கு மட்டும் தெரியும். மண்டபத்துக்குத் தெரிந்தது, சிவபாதத்தாருக்குப் பெயர் மாறிப்போயிற்று என்பது. சமையற்காரனுக்கு உப்பு மாறலாம், தரகருக்குப் பெயர் மாறலாமா?

செய்தி அன்றே ரொறன்ரோவுக்குப் போய்விட்டது. அங்கே அவருடைய மகன் கஜீவன் இருக்கிறான். கொழும்பில் மழை பெய்தால் அவனுக்கு எங்களுக்கு முன்பே தெரியும். அவன் தங்கச்சியை விசாரித்தான், தங்கச்சி யோசித்துப் பார்த்தாள், பார்த்த இடமெல்லாம் அடையாளம் கிடைத்தது. அப்பாவுக்கு உயிரான வாழைப்பழத்தை இப்போது தொடுவதேயில்லை. சோற்றில் உப்பில்லாவிட்டாலும் பேசாமல் தின்கிறார். இரவில் எழும்பி எழும்பி நடக்கிறார். பகலில் கதிரையில் தூங்கிவிழுகிறார். எங்கே போகிறேன் என்று சொல்லாமல் எங்கேயோ போய் வருகிறார்.

சிறுநீரகக்காரனுக்கு வாழைப்பழம் ஆகாது, உப்பு ஆகாது, இரவில் சிறுநீருக்கு எழும்பத்தான் வேண்டும், இரத்தம் குறைந்தால் தூக்கம் வரும். மூன்று வருடமாக அவர் எவ்வளவு கவனமாக மறைத்தாரோ அவ்வளவு கச்சிதமாக எல்லாம் மறதி நோய்க்குப் பொருந்தியது. பிள்ளைகள் இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள். கூட்டிப் பார்த்து விடை கண்டுபிடித்தார்கள், விடைதான் பிழை.

மூளையைப் படம் பிடிக்கத் தேவையில்லை, இரத்தத்தைப் பார்த்தே அல்சைமரைக் கண்டுபிடிக்கும் புதுப் பரிசோதனை வந்திருக்கிறது என்று கஜீவன் எங்கேயோ வாசித்திருந்தான். கொழும்பில் ஒரு லாப் இரத்தத்தை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறது என்பதையும் அவனே கண்டுபிடித்தான். டொக்டரைக் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மிதுனா தகப்பனைக் கூட்டிக்கொண்டு போனாள், துணைக்கு நானும் போனேன்.

இரத்தம் எடுத்த பிள்ளை நல்ல பிள்ளை. ஊசியைக் குத்துமுன் சிங்களத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டது. "அங்கிள், தியவெடியாவ தியனவத? வகுகடு அமாரு?" சீனி வருத்தம் இருக்கிறதா, சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறதா என்று.

மிதுனா பக்கத்தில் நின்றாள். சிவபாதத்தார் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "நே, நே, மொகுத் நே" என்றார். ஒன்றுமே இல்லையாம். தகப்பனுக்குச் சிறுநீரகம் பழுதோ என்று கேட்டால் இல்லை என்று சொல்ல ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த வாய் அது, கேள்வி வந்ததும் தன்பாட்டில் பதில் சொல்லிவிட்டது. நான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடிவு வந்தது. ஒரு கோடு, பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடிகிறது. அவருடைய அம்புக்குறி சிவப்புக்குள் நல்ல ஆழத்தில் நின்றது. ரொறன்ரோவில் கஜீவன் அழுதான். இங்கே மிதுனா அழவில்லை, காஸ் அடுப்பின் குமிழைக் கழற்றி ஒளித்து வைத்தாள். மூளை டொக்டரிடம் இடம் கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

அந்த ஒரு மாதமும் அந்த மனிதர் பட்ட பாடு சொல்லி மாளாது. காலையில் பல் தீட்டுமுன் மகள் கேட்பாள், "அப்பா, இண்டைக்கு என்ன கிழமை?" சொன்னால், "சரியாச் சொல்லிப்போட்டார்" என்று கண் கலங்குவாள். கோபம் வந்து கத்தினால், "இந்த வருத்தத்திலை கோபம் வருமாம்." கோபத்தை அடக்கிக்கொண்டு பேசாமல் இருந்தால், "ஒதுங்கிப் போகினமாம், அதுவும் இந்த வருத்தம்தான்." ஒரு நாள் பொறுக்க முடியாமல், எங்கள் ஒழுங்கையில் உள்ள குடும்பங்களையெல்லாம் மூன்று தலைமுறைக்கு ஒப்புவித்துக் காட்டினார். கஜீவன் போனில் கேட்டுவிட்டுச் சொன்னான்: "பழசு எல்லாம் நல்லா நிக்குமாம், புதுசுதான் போகுமாம்." தலையால் நடந்தாலும் தப்ப வழியில்லை.

ஊரும் சும்மா இருக்கவில்லை. அவருக்குத்தான் ஒன்றும் தங்காதே என்று, அவருக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் கதைக்கத் தொடங்கினார்கள். யார் யாரோடு ஓடினது, யாருக்குக் கர்ப்பப்பை எடுத்தது, எந்த மருமகனுக்கு விக் என்று அந்த ஒரு மாதத்தில் அவருக்குக் கிடைத்த தகவல்கள் தொழிலில் இருந்த இத்தனை வருடத்திலும் கிடைத்ததில்லை. ஆனால் ஒருவரும் சாதகம் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

அதெல்லாம் போகட்டும். பெரிய அடி வேறு பக்கத்தால் விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மிதுனா தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "அப்பாவை இந்த நிலைமையிலை விட்டிட்டு நான் நோர்வேக்குப் போகமாட்டன். ரதி அன்ரிக்கு நானே போன் பண்ணி வேண்டாம் எண்டு சொல்லப்போறன்."

எந்தக் கலியாணத்துக்காகச் சிறுநீரகத்தை மறைத்தாரோ அந்தக் கலியாணம், இல்லாத மறதியால் முறியப்போகிறது. உண்மையைச் சொன்னால் மறதி போய்விடும், சிறுநீரகம் வந்துவிடும். சொல்லாவிட்டால் மறதி நிற்கும், மகள் நின்றுவிடுவாள். எத்தனையோ குடும்பங்களுக்கு வழி காட்டிய மூளை அன்று முழுக்கக் கதிரையில் அசையாமல் கிடந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அறைய வேண்டும் போலவும் இருந்தது.

மறுநாள் மிதுனா என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அன்ரி, அப்பாவுக்குக் கூடிப்போச்சு. தனக்குக் கிட்னி வருத்தம் எண்டுறார். மூண்டு வருஷமா ஊசி போடுறாராம். மருந்து எதிர்வீட்டுப் பிரிட்ஜிலை மீனுக்குக் கீழை இருக்குதாம். இப்பிடி இல்லாததைக் கற்பனை பண்ணிச் சொல்லுவினம் எண்டு அண்ணா முந்தியே சொன்னவர்..."

வாழ்நாளில் முதல் தடவையாக அந்த மனிதர் மகளுக்கு உண்மை பேசியிருக்கிறார், அதற்கு மகள் வைத்தியம் பார்க்க வந்திருக்கிறாள். சத்தியம் ஒரு பக்கம் கிடக்கட்டும் என்று எழும்பிப் போய்ப் பிரிட்ஜைத் திறந்தேன். ஐஸ்கிறீம் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன். மேலே கொஞ்சம் மீன் தண்ணீர் சொட்டியிருந்தது, துடைத்துவிட்டேன்.

மிதுனா மூடியைத் திறந்து பார்த்தாள். ஊசிப் பெட்டியில் தகப்பனின் பெயரை வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

"நீங்களுமோ அன்ரி?" என்று மட்டும் கேட்டாள்.

மூளை டொக்டரிடம் மூன்று பேருமாகப் போனோம். டொக்டர் ரிஸ்கான், இளம் ஆள், பொறுமைசாலி, சோனகத் தமிழில் கதைக்கிறவர். சிவப்பு அம்புக்குறியைப் பார்த்தார், பிறகு சிறுநீரகப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், பிறகு சிவபாதத்தாரைப் பார்த்தார்.

"ஏன் இத ரத்தம் எடுக்கக்குள்ளயே செல்லல்ல?"

"அவை கேட்டவைதான்" என்றார் சிவபாதத்தார். "நான் இல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

டொக்டர் பேனையை மூடினார். "இந்த டெஸ்ட் ரத்தத்தில ஒரு புரதத்த அளக்குது. மூளையில இந்த நோய் ஈந்தா அது கூடும், சரி. ஆனா அதக் கழுவி வெளியாக்குறதுல கிட்னிக்கும் பங்கு ஈக்கி. கிட்னி ஒழுங்கா வேல செய்யலண்டா அது ரத்தத்திலயே தங்கிரும். மூளையில ஒண்டுமே இல்லாட்டியும் நம்பர் ஏறும். அடைச்ச கூரப் பீலியில தண்ணி ஏர்றது மாதிரி. அது மழ பெஞ்சதுக்கு அத்தாட்சி இல்ல."

மிதுனா முன்னுக்கு வந்தாள். "அப்ப அப்பாவுக்கு மறதி வருத்தம் இல்லையோ டொக்டர்?"

"அப்பிடியும் நான் செல்லல்ல. இந்த நம்பர மட்டும் வெச்சி இருக்கெண்டும் செல்ல ஏலா, இல்லண்டும் செல்ல ஏலா. ஆளப் பார்த்துத்தான் செல்லணும்."

ஆளைப் பார்த்தார். சில சொற்களைச் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னார், மணிக்கூடு வரையச் சொன்னார், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். சிவபாதத்தார் சொற்களைத் திருப்பிச் சொன்னதோடு நிற்காமல், வெளியே காத்திருக்கும் நோயாளிகளில் மூன்று பேருடைய சொந்த ஊரையும், டொக்டருடைய உதவியாளப் பெண்ணுக்கு இன்னும் கலியாணம் பேசவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். டொக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"இப்போதைக்கு உங்கட மூளையப் பத்திக் கவலப்பட எனக்கொரு காரணமும் தெரியல்ல. ஆறு மாசத்தில திரும்ப வாங்க, மறுவாப் பார்ப்பம். கிட்னியத்தான் கவனிக்கணும். ஊசியத் தவறவிடாதீங்க."

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். மிதுனா விடவில்லை. வெளியே நடைக்கூடத்தில் தகப்பனுக்கு முன்னால் நின்றாள்.

"மறதி வருத்தமா இருந்திருந்தால் உங்களிலை பிழையில்லை எண்டு இருந்திருப்பன் அப்பா. இது அப்பிடியில்லை. நல்ல ஞாபகத்தோடை மூண்டு வருஷம் எனக்குப் பொய் சொல்லியிருக்கிறியள். நான் உங்களைக் குழந்தை மாதிரி வைச்சு என்ன கிழமை எண்டு கேட்டுக்கொண்டிருந்தன், நீங்கள் அதுக்கும் பதில் சொல்லிக்கொண்டு இருந்தனீங்கள்."

மறதியாளராக இருந்தபோது அவரைத் தூக்கிவைத்துத் தாங்கிய மகள், மறதி இல்லை என்று தெரிந்ததும் அவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். கடைசியில் அவளே ஒரு நிபந்தனை போட்டாள். கலியாணம் நடக்கவேண்டுமென்றால், அப்பாவே ரதி அன்ரியிடம் போய்க் கிட்னியைப் பற்றி ஒன்றும் விடாமல் சொல்லவேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். இனிமேல் அந்த வீட்டில் பொய் இல்லை.

சிவபாதத்தார் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கிருலப்பனைக்குப் போனார். வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு சீப்புக் கதலி வாழைப்பழமும் வாங்கிக்கொண்டார். ஓட்டோவில் அந்தச் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு, தன்னால் தின்ன முடியாத பழத்தைத் தடவியபடி வந்தார். ஒரு வீட்டுக்குப் போய் இன்ன வருத்தம் இருக்கிறது என்று தானே வாய்திறந்து சொல்வது அவர் தொழிலில் அதுவரை நடக்காத காரியம்.

ரதி கதவைத் திறந்து, "வாங்கோ அண்ணை" என்று வரவேற்று இருத்தினா. அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நின்றநிலையிலேயே சொன்னார்.

"ரதி, எனக்குக் கிட்னி பழுது. மூண்டு வருஷமா மறைச்சுப்போட்டன். மறதி வருத்தம் எண்டு ஊரிலை கதைக்கிறது பொய், கிட்னியாலை அந்த ரெஸ்ற் பிழையாக் காட்டினது. இதுதான் உண்மை. மகளை எடுக்கிறதும் விடுகிறதும் உங்கடை விருப்பம்."

ரதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தா. கண்ணில் தண்ணீரும் வந்தது.

"இதுக்கோ அண்ணை இவ்வளவு பாடு? நாங்களெல்லோ உங்களுக்குப் பயந்துகொண்டு இருந்தனாங்கள். என்ரை அப்பாவும் கிட்னியிலைதானே போனவர். என்னைப் பேசேக்கை, நெஞ்சு நோ எண்டு சொல்லச் சொல்லி நீங்கள்தானே அம்மாவுக்குச் சொல்லித் தந்தனீங்கள், மறந்தே போனியள்? இந்தப் பேச்சு வந்ததிலை இருந்து நானும் இவரும் ஒவ்வொரு நாளும் யோசிக்கிறது, அண்ணைக்குத் தெரியுமே, எப்ப கேக்கப் போறாரோ எண்டு. நீங்கள் ஒரு வார்த்தை கேக்கேல்லை. தெரிஞ்சும் தன்ரை மகளைத் தாறார், எவ்வளவு பெரிய மனிசன் எண்டு நாங்கள் கதைச்சுக்கொண்டிருந்தனாங்கள்."

"ஓமோம்" என்றார் சிவபாதத்தார். "அதெல்லாம் கிளறக்கூடாது தானே."

தலையை அழகாக ஆட்டினார். தேத்தண்ணீர் வந்தது, பலகாரம் வந்தது, தை மாதத்தில் நாள் பார்ப்பதாக முடிவானது. இரண்டு வீட்டுக்காரரும் ஒரே நோயை வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் பயந்துகொண்டிருந்ததை நினைத்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஓட்டோவில் ஏறிப் பாமன்கடைச் சந்தி தாண்டும்வரை நான்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தங்கச்சி, ரதியின்ரை தேப்பனுக்குக் கிட்னியோ?"

"இப்பதானே அவ சொன்னவ."

"எனக்குத் தெரியாது. நெஞ்சு நோ எண்டுதான் என்ரை மண்டைக்குள்ளை கிடக்குது. அந்தச் செத்தவீட்டுக்குப் போனது தெரியுது, பந்தலுக்குக் கீழை நிண்டது தெரியுது. ரதியின்ரை தாயோடை அப்பிடிக் கதைச்சதா..." கையை விரித்தார். "ஒண்டுமில்லை தங்கச்சி. வெறுமையாக் கிடக்குது."

"அப்ப ஏன் அங்கை ஓம் எண்டனீங்கள்?"

"வாய்ப் பழக்கம்."

பயத்தைக் காட்டாமல், எத்தனை பேருக்கு அதே பொய்யைச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள், சொல்லிச் சொல்லி நீங்களே நம்பியிருப்பீர்கள், அது மறதியில்லை என்றேன். இருக்கலாம் என்றார். டொக்டர் சொன்னதுபோலத்தான், அதை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது.

அவர் இதையும் மறைக்கச் சொல்லிக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. மிதுனா கதவைத் திறந்ததும், செருப்பைக் கழற்றுமுன் சொல்லிவிட்டார்.

"பிள்ளை, அவை ஓமெண்டிட்டினம். ஆனால் ஒண்டு. ரதியின்ரை தேப்பனுக்குக் கிட்னி எண்டு எனக்குத் தெரிஞ்சிருக்குதாம், நானே மறைக்கச் சொன்னனானாம். எனக்கு அது துண்டற ஞாபகமில்லை."

மிதுனா ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். தகப்பனுடைய தோளைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"முப்பது வருஷத்துக்கு முந்திச் சொன்ன பொய்யை ஆரப்பா ஞாபகம் வைச்சிருப்பினம்? சும்மா இருங்கோ. இனி இந்த வீட்டிலை மறதி எண்ட கதையே வேண்டாம்." நோர்வேக்குப் போன் எடுக்க அறைக்குள் ஓடினாள்.

எல்லாம் நினைவிலிருந்தபோது நோயாளி ஆக்கினார்கள். உண்மையிலேயே ஒன்று மறந்துபோய், அதை அவரே வந்து சொல்லும்போது சும்மா இருக்கச் சொல்கிறார்கள். அவர் கதிரையில் உட்கார்ந்தார். நான் போகவில்லை, எதிரே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் மெல்லிய குரலில் எங்கள் மாடியின் குடும்பங்களைக் கீழ்த்தட்டிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். யார், எந்த ஊர், வீட்டில் யார் எதில் போனது. பரீட்சைக்குப் போகும் பிள்ளையைப்போல் ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்தார். நானும் மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் பிழைக்கவில்லை.

மூன்றாம் தட்டுக்கு வந்தார். என் வீட்டைச் சொன்னார். என் ஊரைச் சொன்னார், என் பிள்ளைகள் கலியாணம் முடித்த இடங்களைச் சொன்னார்.

"உங்கடை அவர், பாவம், நெஞ்சு நோவிலை" என்றார்.

என் கணவர் குடித்துக் குடித்து ஈரல் அழுகிச் செத்தவர். ஆஸ்பத்திரியில் கடைசிவரை என்னோடு நின்றது சிவபாதத்தார்தான். என் மூத்தவளுக்குப் பேச்சு வந்தபோது, இதே கதிரையில் இருந்து, நெஞ்சு நோ எண்டு சொல்லுங்கோ தங்கச்சி என்று சொன்னதும் அவர்தான்.

"சரிதானே தங்கச்சி?" என்று கேட்டார்.

"சரி அண்ணை" என்றேன்.